ஆதாரமற்ற வைத்தியமும் சிதையும் நம்பிக்கையும்

நோய் குறித்த அச்சம் பரவும் காலங்களிலேயே போலி வைத்தியமும் செழிக்கின்றது. கொவிட்-19 தொற்றைக் குணப்படுத்தும் எனக் கூறப்பட்ட பாணியைப் பெற்றுக்கொள்வதற்காக 2020 டிசம்பரில் கேகாலையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். முறையான பரிசோதனை நிறைவுறும் முன்னரே அரசியல் தலைவர்கள் சிலர் அதனைப் பகிரங்கமாக அருந்தினர். அவ்வாறு அருந்திய அன்றைய சுகாதார அமைச்சரே 2021 ஜனவரியில் தொற்றுக்குள்ளானார்.

அதே காலப்பகுதியில்தான், தொற்றினால் மரணித்தோரைப் புதைத்தால் நிலத்தடி நீர் மாசடையும் எனக் கூறி ஜனாஸாக்கள் பலவந்தமாக எரிக்கப்பட்டன. பிறந்து இருபது நாட்களேயான சிசுவின் உடலும் தீக்கிரையானது. புதைப்பதற்குத் தடையில்லை என உலக சுகாதார ஸ்தாபனம் 2020 மார்ச்சிலேயே தெரிவித்திருந்தது. எனினும் 2021 பெப்ரவரியில்தான் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. ஆதாரமற்ற பாணிக்குக் கதவைத் திறந்த அதிகாரம், ஆதாரமற்ற அச்சத்தின் பேரில் மையவாடியின் கதவை மூடியது என்பதை நாம் மறந்துவிட முடியாது.

இத்தகைய அநீதி விட்டுச் செல்லும் அவநம்பிக்கை அடுத்த தலைமுறையையும் பாதிக்கக்கூடியது. நைஜீரியாவின் கானோ மாநிலம் இதற்குத் தக்க சான்றாகும். 1996 இல் அங்கு மூளை மென்சவ்வு அழற்சி பரவியபோது, பைசர் நிறுவனம் தனது பரிசோதனை மருந்தைச் சிறுவர்களுக்கு வழங்கியது. அதனால் எழுந்த கசப்பு ஆறவில்லை. போலியோ தடுப்பு மருந்தில் மலட்டுத்தன்மையை ஏற்படுத்தும் பொருள் கலந்துள்ளதாகப் பரவிய வதந்தியை நம்பி, 2003 இல் அம்மாநிலம் தடுப்பு மருந்து வழங்கலை நிறுத்தியது. நைஜீரியாவிலிருந்து கிளம்பிய வைரஸ் பல நாடுகளைச் சென்றடைந்தது. பத்தாண்டு காலம் போலியோ அற்றிருந்த இந்தோனேசியாவில், 2005 இல் ஆரம்பித்த பரவலினால் சுமார் 300 பேர் பாதிக்கப்பட்டனர். சந்தேகத்திற்குக் காரணம் இருந்தது. ஆனால் அதற்கான விலையைச் செலுத்தியவர்கள் எதுவுமறியாச் சிறுவர்களே.

மலட்டுத்தன்மை பற்றிய இதே பொய் எமது நாட்டிலும் தீ மூட்டியது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாகக் கூறி முஸ்லிம்களின் உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாக்கட்டியே எனப் பின்னர் இரசாயனப் பகுப்பாய்வில் தெரியவந்தது. எனவே, அப்பொய்யினால் பாதிக்கப்பட்ட சமூகத்திடமே தடுப்பூசியின் பெயரால் அதே பொய் வந்து சேருமாயின், அதனை அடையாளங்காண்பது கடினமாக இருக்கக் கூடாது.

இலங்கையில் 1993 இன் பின்னர் போலியோ நோயாளர் எவரும் பதிவாகவில்லை. எனினும் 2019 இல் சின்னமுத்து ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட இந்நாட்டில், 2023 இல் அந்நோய் மீண்டும் பரவியது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேராவது பாதுகாப்புப் பெற்றிருந்தால் மாத்திரமே அதனைத் தடுக்க முடியும் என்பதால், சிலரின் தயக்கமே பலரின் ஆபத்தாகின்றது.

தடுப்பூசிக்குப் பக்கவிளைவே இல்லை என எந்தப் பொறுப்புள்ள வைத்தியரும் கூறமாட்டார். ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி ஏற்றப்பட்ட குழந்தைகளின் மரணங்களை அடுத்து, 2008 இல் அதனை இடைநிறுத்தி ஆராய்ந்த பின்னர் மீள அறிமுகப்படுத்திய நாடு இது. விசாரிப்பதும் வெளிப்படுத்துவதும் மருத்துவத்தின் பலமேயன்றிப் பலவீனமல்ல. போலி வைத்தியமோ கேள்வியையே வெறுக்கின்றது. இங்கு பிரச்சினை சித்தம், யுனானி, ஆயுர்வேதம் என்பதோ ஆங்கில மருத்துவம் என்பதோ அல்ல. சோதிக்கப்பட்டதா, இல்லையா என்பதே.

மையவாடி மறுக்கப்பட்டபோது எம்மக்கள் அரசிடம் கேட்டது ஒன்றே: ஆதாரம் எங்கே? அதே கேள்வியைத் தடுப்பூசிக்கெதிரான வதந்தியிடமும் கேட்க வேண்டும். அவநம்பிக்கையைக் களையும் பொறுப்பு அரசுடையது. பிள்ளையைக் காக்கும் பொறுப்பு எம்முடையது.