தைலம் அப்புறம் தேய்க்கலாம்!

வீடு கட்டுகிறீர்களா? பழைய தரையைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போடுகிறீர்களா? நிறம் பார்க்கக் கடை கடையாக ஏறி இறங்கும் நீங்கள், அதை யார், எப்படித் தூக்கப் போகிறார்கள் என்று யோசித்ததுண்டா? 'வைத்தியருக்கு ஏன் இந்த வேலை?' என்று கேட்காதீர்கள். கடைசியில் என்னிடம்தானே வருகிறீர்கள்!

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மகன் தோளைப் பிடித்தபடி வந்தார். "கொத்தனார் சாப்பிடப் போயிருந்தார். ரெண்டே ரெண்டு டைல்ஸ்தான், ஓரமா வைக்கலாம்னு குனிஞ்சேன். சடக்குன்னுச்சு" என்றார். இரண்டடிக்கு இரண்டடி விட்ரிஃபைடு டைல்ஸ் ஒன்று சுமார் 8 கிலோ. நாலடிக்கு இரண்டடி என்றால் 15 கிலோவைத் தொடும். எடையைவிட மோசம், அதற்குக் கைப்பிடி இல்லாதது. விரல்நுனியை அடியில் நுழைத்து, குனிந்து, உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்துத் தூக்குகிறோம். சுமை விலக விலக இடுப்பின் மேல் பாரம் ஏறும். கை நழுவினால் கால் விரல் நசுங்கும். விளிம்பு கத்தி மாதிரி அறுக்கும்.

கண்ணாடி வேலைக்காரர்கள் வைத்திருக்கும் 'சக்ஷன் கப்' இதற்கு நல்ல துணை. ரப்பர் கிண்ணத்தை டைல்ஸ் மேல் அழுத்தி நெம்புகோலை மடக்கினால், உள்ளே காற்று குறைந்து வெளிக்காற்று அதை இறுக அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சின்ன டைல்ஸுக்கு ஒற்றைக் கிண்ணம் போதும். பெரியதற்கு இரட்டைக் கிண்ணம், அதுவும் அலுமினிய உடம்பு உள்ளதாக வாங்குங்கள். எத்தனை கிலோ தாங்கும் என்று அதில் போட்டிருப்பதை முழுசாக நம்பாதீர்கள். அதில் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வழவழப்பான டைல்ஸில்தான் இது பிடிக்கும். சொரசொரப்பானதிலும் விரிசல் விட்டதிலும் காற்று புகுந்து சட்டென்று விட்டுவிடும்.

"மேஸ்திரிக்கு வேணும்னா அவரே வாங்கிக்கட்டுமே" என்பார்கள். எனக்கு இது சம்மதமில்லை. அவர் இடுப்பு பிடித்துக்கொண்டால் அன்றைய கூலியே போச்சு. லட்சக்கணக்கில் தரைக்குச் செலவழிப்பவர் சில நூறு ரூபாய்க்கு ஒரு கருவி வாங்கித் தரக் கூடாதா? வேலை முடிந்ததும் அவரிடமே கொடுத்துவிடுங்கள், குறைந்தா போவீர்கள்?

தூக்குமுன் டைல்ஸிலும் ரப்பரிலும் சிமென்ட் தூசி இல்லாமல் ஈரத் துணியால் துடையுங்கள். ஓர் அங்குலம் தூக்கிப் பார்த்து, பிடி நின்றால் மட்டும் நகருங்கள். இன்னொரு கை எப்போதும் அடியில் இருக்கட்டும். முழங்காலை மடக்கி உட்கார்ந்து, மார்போடு ஒட்டினாற்போல எழுந்திருங்கள். தலைக்கு மேல் தூக்கவே கூடாது.

இன்னொன்று. உளுந்துத் தைலம் தேய்த்த கையோடு அந்த ரப்பரைத் தொடாதீர்கள். எண்ணெய் பட்டால் வழுக்கும், நாளடைவில் ரப்பரும் கெடும். நம்ம ஆசிரியர் அதைத்தான் செய்தார். பத்து நாள் படுத்து எழுந்தவர், தைலக் கையோடு மறுபடி தூக்கப் போயிருக்கிறார். நல்லவேளை, டைல்ஸ் மட்டும்தான் உடைந்தது.