பாட்டுப் பெட்டியோடு வாழ்க்கை

சென்ற இதழில் கீசரைப் பற்றி நாம் எழுதியதைப் படித்த அன்பர்கள் சிலர், ‘வெந்நீர் போதும், இனிச் சங்கீதத்தைப் பற்றியும் சற்று எழுதுங்கள்’ என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்பது ராக தாளங்களைப் பற்றி அன்று. மேஜை இழுப்பறையிலும், பூஜை மாடத்திலும், பாட்டியின் தலையணைக்கு அடியிலும் கிடக்கும் டிஜிட்டல் பாட்டுப் பெட்டிகளைப் பற்றி. கைப்பேசி வந்த பிறகு அதற்கு என்ன வேலை என்கிறார்கள் இளைஞர்கள். எடுத்தெறிய மனமில்லை என்கிறார்கள் பெரியவர்கள். இரு கட்சியாரையும் கேட்டோம். அப்பெட்டியோடு பல ஆண்டு வாழ்ந்த குடும்பத்தாரையும் கேட்டோம்.

இதன் வரலாறு நீண்டதன்று. 1998-ஆம் ஆண்டில் தென்கொரியாவிலிருந்து ‘எம்பிமேன்’ என்பதும், அமெரிக்காவில் ‘ரியோ’ என்பதும் விற்பனைக்கு வந்தன. அவற்றின் நினைவகம் 32 மெகாபைட். அரை மணி நேரப் பாட்டுக்குத்தான் அதில் இடம் உண்டு. நம் வித்வான்கள் ஒரு ராகத்தை விஸ்தாரமாக எடுத்துக்கொண்டால் பல்லவிக்கு வருமுன் பெட்டி நிரம்பிவிடும்! 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் சிறியதொரு வன்தட்டை உள்ளே வைத்து, ஆயிரம் பாட்டு அடங்கும் என்று சொல்லி ஐபாடை வெளியிட்டது. பல உருவெடுத்த அப்பெட்டியின் உற்பத்தி நிறுத்தப்படுவதாக 2022 மே மாதத்தில் அறிவிப்பு வந்தது. இடைப்பட்ட காலத்தில் பெயர் தெரியாத நூறு வகைப் பெட்டிகள் டில்லி பாலிகா பஜாரிலும் சென்னை ரிச்சித் தெருவிலும் குவிந்து கிடந்தன. நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் அவ்வகையினவே.

அதற்கு முன்பு நாம் பாட்டைச் சுமந்து வந்த விதம் மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். கோடை விடுமுறை முடிந்து டில்லிக்குத் திரும்பும்போது, அப்பளக் கட்டுக்கும் வடகத்துக்கும் நடுவே கேசட்டுகளை அடுக்குவோம். 60 நிமிட நாடாவும் 90 நிமிட நாடாவுமாகப் பத்து வைத்தால் பெட்டியில் பாதி இடம் போய்விடும். நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலைச் செருகிச் சுற்றவேண்டும். டில்லி வெயிலில் ஜன்னல் ஓரம் வைத்துவிட்டால் பாகவதருடைய குரல் முனகலாகிவிடும். ஆகவே, விரல் நீளப் பெட்டியொன்றில் முழு அலமாரிக் கேசட்டுகளும் அடங்கும் என்று கண்டபோது, ஊரை விட்டு வந்த நம்மவர் அடைந்த மகிழ்ச்சி பிறருக்குப் புரியாது.

அவ்வளவும் எப்படி அடங்குகின்றன? பலத்த ஓசை ஒன்று ஒலிக்கும்போது, அதையொட்டி எழும் மெல்லோசை நம் காதுக்கு எட்டுவதில்லை. எட்டாததை ஏன் எழுதி வைக்கவேண்டும் என்று அதைக் கழித்துவிடுவதே எம்.பி.3 என்னும் முறை. கழிக்கும் அளவு நம் கையில் இருக்கிறது. நொடிக்கு 128 கிலோபிட் என்று வைத்தால் ஒரு நிமிடப் பாட்டு ஏறக்குறைய ஒரு மெகாபைட் பிடிக்கும். இடத்தை மிச்சப்படுத்த 64-க்கு இறக்கினால் பேச்சுக்குக் குறைவில்லை, கதாகாலட்சேபமும் கேட்கலாம். ஆனால், பஜனையின் ஜால்ரா தண்ணீருக்குள் தட்டியதுபோல் சலசலக்கும். மிருதங்கத்தின் சாப்பு மழுங்கும். கச்சேரிக்கு 192-க்குக் குறையாமல் வைப்பது நலம் என்பது நம் கருத்து. ஒருமுறை கழித்ததைப் பின்னர் எந்த வித்தையாலும் திரும்பச் சேர்க்க முடியாது.

இனி, வீட்டுக்குள் இப்பெட்டி செய்யும் வேலையைப் பார்ப்போம். இதில் மிகுந்த உரிமை உடையவர்கள் நம் வீட்டு மூதாட்டிகளே என்று தயங்காமல் சொல்லுவோம்.

கும்பகோணத்திலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ எழுபது வயதுக்குமேல் மகனிடம் வந்து சேரும் தாயாருக்கு டில்லியில் பகல் பொழுது எப்படிப் போகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா? காலை ஒன்பது மணிக்கு வீடு காலியாகிவிடும். அண்டை வீட்டார் அன்பாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் இந்தியில் பேசுகிறார்கள். தொலைக்காட்சியின் இரண்டு ரிமோட்டுகளில் எதை முதலில் அழுத்துவது என்பது பேரனுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். கைப்பேசியில் எல்லாப் பாட்டும் இருக்கிறது என்பது உண்மையே. ஆனால் பாட்டைத் தேடும்போது விளம்பரம் வருகிறது, விளம்பரத்தைத் தொட்டால் வேறெங்கோ போகிறது, அதற்குள் யாரோ வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி அழைக்கிறார்கள். திருகினால் பாடி, திருப்பினால் நிற்கும் பெட்டி ஒன்றே அவ்வீட்டில் அவருக்குப் பிறர் உதவி வேண்டாத பொருள். மயூர் விஹாரில் உள்ள ஓர் அம்மையார், ‘இந்த வீட்டில் நான் யாரையும் கேட்காமல் நடத்துவது இதை ஒன்றைத்தான்’ என்று நம்மிடம் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அருகில் நின்ற மருமகள் சிரிக்கவில்லை. மறு வாரமே அவர் மாமியாருக்கு அடுப்பங்கரை அலமாரியின் சாவியையும் கொடுத்ததாகக் கேள்வி.

இந்தத் தேவையை வியாபாரிகளும் அறிந்துகொண்டார்கள். 2017-ஆம் ஆண்டில் சரிகம நிறுவனம் பழைய வானொலிப் பெட்டியின் சாயலில் ‘காரவான்’ என்பதை வெளியிட்டது. 5000 இந்திப் பாடல்கள் அதற்குள்ளேயே பதிந்து வந்தன. பிறகு தமிழ்ப் பாடல்களோடும் அது வந்தது. இணையம் வேண்டாம், கணினி வேண்டாம் என்பதே அதன் சிறப்பு. இத்தகைய பெட்டியை வாங்குவோர் ஒன்றை அறிந்து வாங்கவேண்டும்: எந்த நிறுவனம் பதித்துத் தருகிறதோ அந்நிறுவனத்துக்கு உரிமை உள்ள பாடல்களே உள்ளே இருக்கும். தாயார் விரும்பும் பாட்டு வேறொருவர் வசம் இருக்குமாயின், 5000-இலும் அது அகப்படாது. அத்தகைய பாட்டைப் பென்டிரைவில் ஏற்றிச் செருகுவதற்கு இடம் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுவது உசிதம்.

நாமே பாட்டை ஏற்றிக்கொள்ளும் பெட்டியில் வேறு விதமான வேடிக்கைகள் உண்டு. அதற்குச் சம்பிரதாயம் தெரியாது. அகர வரிசை மட்டுமே தெரியும். கச்சேரியைத் துண்டு துண்டாக ஏற்றினால், ஆங்கில எழுத்து வரிசைப்படி மங்களம் நடுவில் வந்துவிடும். எல்லாம் முடிந்த பிறகு வர்ணம் தொடங்கும். கோப்பின் பெயருக்கு முன்னால் எண் இட்டுவிட்டால் இது தீரும். ஆனால் 1, 2 என்று இடலாகாது. 01, 02 என்று இடவேண்டும். இல்லையேல் பல பெட்டிகளில் ஒன்றுக்கு அடுத்துப் பத்து வந்து நிற்கும். தமிழில் பெயர் எழுதினால் சில மலிவான பெட்டிகள் அதைக் கட்டங்கட்டமாகவோ கேள்விக்குறிகளாகவோ காட்டுகின்றன என்பது வருந்தத்தக்கது. கலைத்துப் பாடும் பொத்தானைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் சுப்ரபாதம் முடிந்த கையோடு பேரன் ஏற்றிவைத்த குத்துப் பாட்டு முழங்க, ஈரத்தலையோடு தாத்தா ஓடி வந்த வீடுகள் ஒன்றிரண்டு அல்ல. தாத்தாவுக்கு ஒரு பெட்டி, பேரனுக்கு ஒரு பெட்டி என்பதே குடும்ப அமைதிக்கு வழி.

விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். அது இல்லாவிட்டால், ஒரு மணி நேர உபன்யாசத்தின் நடுவில் அழைப்பு மணி கேட்டு எழுந்தவர், திரும்பி வந்து குரு வணக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கவேண்டும்.

பயணத்தில் இப்பெட்டிக்கு நிகர் இல்லை. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும் போகிறோம். இட்டார்சியைக் கடந்து சாத்புரா மலைகளுக்கிடையே வண்டி செல்லும்போது கைப்பேசியில் தொடர்பு விட்டுவிட்டு வரும், பாட்டும் அவ்வாறே. இழுப்பறைப் பெட்டியோ எதையும் எதிர்பாராமல் பாடிக்கொண்டே வரும். இணையத்தில் கேட்கும் பாட்டு வாடகை வீடு போன்றது என்பதையும் நம் வாசகர்களுக்குச் சொல்லவேண்டும். 2024-ஆம் ஆண்டில் ‘விங்க்’ என்னும் பாட்டுச் செயலி மூடப்பட்டது. அதில் ஆண்டுக்கணக்காகப் பொறுக்கிச் சேர்த்த பட்டியல்களை வைத்திருந்தவர்கள் வேறு இடம் பார்க்க நேர்ந்தது. வாடகை வீட்டில் குடியிருந்து பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காதுக்குள் செருகிக்கொள்ளும் இயர்போனைப் பற்றி ஒரு வார்த்தை. வாரத்தில் 40 மணி நேரம் கேட்பதானால் ஓசை 80 டெசிபலுக்கு மேற்படக் கூடாது என்றும், குழந்தைகளுக்கு 75 என்றும் உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. மெட்ரோ ரயிலின் இரைச்சலை வெல்லவேண்டி ஓசையைக் கூட்டும் பிள்ளைகள் இந்த வரம்பை எளிதில் தாண்டிவிடுகிறார்கள்.

இதுவரை சொன்னவை சௌகரிய அசௌகரியங்கள். இனிச் சொல்லப்போவது அத்தகையது அன்று.

நம் இழுப்பறைகளில் உறங்கும் பெட்டிகள் பலவற்றில், பாட்டோடு பேச்சையும் பதியும் பொத்தான் ஒன்று இருந்தது. வாங்கிய புதிதில் குழந்தைகள் அதைக்கொண்டு விளையாடினார்கள்; பெரியவர்கள் ஓரிரு முறை பாடியும் பேசியும் வைத்தார்கள். பிறகு மறந்துவிட்டார்கள். கரோல்பாகில் வாழும் அன்பர் ஒருவருடைய தாயார், 2009-ஆம் ஆண்டில் கொள்ளுப்பேத்திக்குத் தாலாட்டுப் பாடினார். எந்தப் புத்தகத்திலும் இல்லாத தாலாட்டு அது. அவர் பிறந்த ஊரின் ஏரியும், மாமன்மார் பெயர்களும், அவர்கள் கொண்டுவந்த சீரும் அதில் வரிசையாக வருமாம். அம்மையார் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, அந்தக் கொள்ளுப்பேத்தியே அதைக் கேட்க விரும்பிப் பெட்டியைத் தேடி எடுத்தாள். பெட்டி உயிர்பெறவில்லை. பாட்டரி உப்பி முன்பக்கத்தைப் பிளந்திருந்தது. நேரு பிளேஸில் ஒரு சிறு கடைக்காரர் அதைப் பிரித்து, வேறு பாட்டரி வைத்து, மூன்றாம் நாள் கொடுத்தார். தாலாட்டின் முதற்பாதி கிடைத்தது. பிற்பாதிக் கோப்பு திறக்கவில்லை. மாமன்மார் நால்வரில் இருவர் பெயர் இப்போது குடும்பத்தில் யாருக்கும் தெரியாது.

பெட்டியில் இருப்பது நிலைத்திருக்கும் என்பது நம் மனப்பிராந்தி. பாட்டுகள் உறையும் சில்லில் ஒவ்வோர் எழுத்தும் நுண்ணிய மின்னூட்டமாகவே நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் மின்சாரம் படாமல் கிடந்தால் அது மெல்ல மெல்லக் கசிந்துவிடக்கூடும். லிதியம் பாட்டரியோ சில நூறு முறை ஏற்றி இறக்கினால் தளர்ந்துவிடும். முற்றும் வற்றிய நிலையில் இழுப்பறையில் போட்டு வைப்பதும், டில்லிக் கோடையில் காருக்குள் விட்டு வைப்பதும் அதற்குக் கேடு. உப்பிய பாட்டரியை அழுத்தவோ குத்தவோ சார்ஜரில் மாட்டவோ கூடாது, தீப்பற்றும். பழுது பார்ப்பவரிடம் அப்படியே கொடுத்துவிடவேண்டும். இன்னும் ஒன்று: கணினியோடு இணைக்கும்போது, ‘பெட்டியைப் புதிதாக அமைக்கட்டுமா’ என்றோ ‘அழித்து ஒத்திசைக்கட்டுமா’ என்றோ கேள்வி வந்தால் ‘வேண்டாம்’ என்றே சொல்லுங்கள். முதலில் உள்ளிருப்பதைப் பிரதி எடுத்து, அதை இரண்டு இடங்களில் வையுங்கள். ஓரிடம் வேறொரு வீடாக இருப்பது நல்லது. சினிமாப் பாட்டுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். அவை எங்கும் கிடைக்கும். குரல்களை முதலில் எடுங்கள்.

இதில் பலருக்கு உள்ள இடையூறு, பெட்டி இருக்கிறது, அதை இணைக்கும் கம்பி இல்லை என்பதே. பழைய ஐபாடுக்கு 30 முனை கொண்ட பட்டையான கம்பி. மலிவான பெட்டிகளுக்கு மினி யு.எஸ்.பி. இவை இரண்டும் இப்போது வீடுகளில் புழங்குவதில்லை. ஆகவே சங்க நூலக அறையில் அட்டைப்பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் எதற்கென்று தெரியாமல் சுருண்டு கிடக்கும் கம்பிகளை அதில் போடுங்கள். பெட்டி வைத்திருப்போர் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் அதனைக் கொண்டுவந்து, பொருந்தும் கம்பியைத் தேடி எடுத்துக்கொள்ளலாம். பிரதி எடுத்துத் தர நம் இளைஞர்கள் இருவர் கணினியோடு இருப்பார்கள். பென்டிரைவ் ஒன்று கையில் கொண்டு வரவும்.