என்றும் பதினாறு, எவருக்கு?

திருக்கடையூர் குறித்து எழுதப்படும் பயணக்குறிப்புகளை வரிசையாக வாசித்துப் பாருங்கள். அட்டவீரட்டத் தலம், காலனை உதைத்த மூர்த்தி, அபிராமி பட்டர், தை அமாவாசை நிலவு. பிறகு 60க்குச் சஷ்டியப்தபூர்த்தி, 80க்குச் சதாபிஷேகம், எந்த மண்டபத்தில் சாப்பாடு நன்று என்ற தகவல். சற்று ஊக்கமுள்ளவர்கள் தரங்கம்பாடி வரை சென்று, 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டையின் முன் படமெடுத்துக்கொள்வார்கள். பக்கத்திலேயே இருக்கும் தில்லையாடி பெரும்பாலும் ஒரு வரிகூடப் பெறுவதில்லை.

இந்த விடுபடலை வெறும் மறதி என்று தள்ள என்னால் இயலவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல், இந்தியரின் சமயச் சடங்குப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்காது என்று பொருள்படத் தீர்ப்பளித்தார். தாலி கட்டிக்கொண்டவர்கள் சட்டத்தின் கண்ணில் மனைவியரல்லாதவர் ஆயினர். 3 பவுண்டு வரியோடு இந்த அவமதிப்பையும் எதிர்த்து அவ்வாண்டு பெண்கள் சத்தியாக்கிரகத்தில் இறங்கினார்கள். அவர்களுள் ஒருத்தி, ஜோகன்னஸ்பர்கில் பிறந்து தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை. மாரிட்ஸ்பர்க் சிறையில் 3 மாதக் கடுங்காவல். காய்ச்சலோடு வெளிவந்தவள் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தாள். வயது 16. அவ்வாண்டே நிறைவேறிய இந்தியர் நிவாரணச் சட்டம் அந்த வரியை நீக்கியது; இந்தியத் திருமணங்களையும் ஏற்றது. 1915இல் காந்தி தில்லையாடிக்கே வந்து சென்றார்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 16 வயதில் சாகவிருந்த ஒரு பிள்ளை பிழைத்த ஊர் என்று நம்பி வருகிறோம். அங்கே நம் திருமணத்தை மறுபடி நடத்திக்கொள்கிறோம். அத்தகைய திருமணத்தின் மதிப்புக்கும் சேர்த்துப் போராடி 16 வயதில் செத்தவளின் பூர்வீக ஊரைக் காரில் கடந்துபோகிறோம்.

"ஆன்மிகத் தலத்தில் அரசியல் எதற்கு?" என்று கேட்பார்கள். மணிவிழாக் காணும் தம்பதியரிடம் எனக்கு எந்த வழக்கும் இல்லை. அவர்கள் நீடூழி வாழட்டும். என் சண்டை பேனா பிடிக்கிறவர்களோடு. புராணச் சிறுவனுக்கு நான்கு பத்தி ஒதுக்குகிறவர்கள், வரலாற்றுச் சிறுமிக்கு ஒரு வாக்கியம் தரலாகாதா? சென்னையில் கோ-ஆப்டெக்ஸ் மாளிகைக்கு அவள் பெயர் இருக்கிறது. அங்கே சேலை வாங்கியவர்களில் எத்தனை பேர் அது யார் பெயர் என்று கேட்டிருப்பார்கள்?

தில்லையாடியில் அவளுக்கு நினைவு மண்டபம் இருக்கிறது. திருக்கடையூரிலிருந்து சில நிமிடப் பயணம்தான். அடுத்த குறிப்பை எழுதுகிறவர் அங்கே போய்விட்டு வந்து எழுதட்டும்.