மெய்யுரைக்கும் அறிவிப்பு

கணிப்பொறியினிடம் நெடுநேர வேலையொன்றை ஒப்புவித்துவிட்டு, அது முடிந்ததோ இல்லையோவென்று திரையையே நோக்கியிருக்கும் மாணாக்கர் நம்மிற் பலர். லினக்ஸ் உபயோகிப்போர்க்கு இவ்வீண் காவல் வேண்டுவதில்லை. கட்டளை வரியில் நோட்டிபை-ஸெண்ட் என்றெழுதி, அதனையடுத்து மேற்கோட் குறிகளுக்குள் செய்தியை இடின், அது திரையோரத்தே சிறு சீட்டுப்போலத் தோன்றும். டெபியனிலும் உபுண்டுவிலும் இக்கட்டளை லிப்நோட்டிபை-பின் என்னும் பொதியில் அடங்கியுளது.

சீட்டுத் தோன்றுதற்கு மூன்று உறுப்புக்கள் ஒத்துழைத்தல் வேண்டும். கட்டளை செய்தியை அனுப்பும். டீ-பஸ் அதனைச் சுமந்து செல்லும். அறிவிப்புச் சேவை அதனை ஏற்றுத் திரையிற் காட்டும். குறித்த நேரத்தில் வேலைகளை நடத்தும் கிரான் வழியே அனுப்புஞ் செய்தி பலகால் தோன்றாதொழிவதன் காரணம் யாதெனின், நமது அமர்வின் டீ-பஸ் முகவரியைக் கிரான் அறியாமையே. அம்முகவரியைக் கட்டளைக் கோப்பின் தொடக்கத்திற் குறித்துவிடின் அக்குறை நீங்கும்.

நிற்க. செய்தி தோன்றினாற் போதுமோவெனின், போதாதென்பதே நமது துணிபு. வேலைக்கும் அறிவிப்புக்கும் இடையே அரைப்புள்ளி இடுவோர் பலர். அரைப்புள்ளியோ, முன்னது வென்றதா தோற்றதாவென்று வினவாமலே பின்னதை நடத்தும். ஆகவே, கோப்புக்களைப் பிரதி செய்யும் வேலை இடையே முறியினும், 'பிரதி முடிந்தது' என்ற செய்தியே வரும். அதனை நம்பி மூலத்தை அழித்தவன் இரண்டையும் இழப்பான். அரைப்புள்ளிக்கு மாறாக இரட்டை ஆம்பர்சண்ட் குறியை இடுவோமாயின், வெற்றியில் மாத்திரம் செய்தி வரும். தோல்வியில் ஒன்றும் வாராது. வேலை இன்னும் நடக்கின்றதென்றெண்ணி நாம் வாளாவிருப்போம்.

ஆதலின், நிபந்தனைச் சொற்களாகிய இப், எல்ஸ் என்பவற்றைக் கொண்டு வெற்றிக்கொரு செய்தியும் தோல்விக்கொரு செய்தியும் அமைத்தலே முறை. ஒவ்வொரு கட்டளையும் முடிவில் ஓர் எண்ணை விட்டுச் செல்லும்; 0 எனின் வெற்றி, பிறவெல்லாம் தோல்வி. தோல்விச் செய்திக்கு மாத்திரம் கிரிட்டிகல் என்னும் அவசர நிலையைத் தருக. அந்நிலையினது தானே மறைதலாகாதென்பது விதி. எல்லாவற்றிற்கும் அதனையே கொடுப்பின், ஒன்றையும் கண் மதியாது.

மாணவ நண்பர்களே, நல்ல செய்தியை மட்டும் கொணரும் தூதனை எவரும் நம்பார். நாம் அமைக்குந் தூதன் தோல்வியையும் அஞ்சாது உரைப்பானாக.