குடிக்காதவர் வீட்டிலும் இருக்கும் நஞ்சு

 

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நிகழ்ந்த பேரவலத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பாக்கெட்டில் அடைத்து விற்கப்பட்ட சாராயத்தை வாங்கி அருந்தியவர்கள், ஜூன் 19 முதல் ஒருவர் பின் ஒருவராகச் சாய்ந்தனர். 200-க்கும் மேற்பட்டோர் கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெண்களும் உண்டு. பெரும்பாலோர் அன்றாடங் காய்ச்சிகள். எங்கள் நைனார்பாளையமும் அதே மாவட்டத்து ஊர்தான். அந்த வாரம் பேருந்திலும் தேநீர்க் கடையிலும் வேறு பேச்சே எழவில்லை.

அப்போது நம்மவர் பலர் ஒரு சொல் சொன்னார்கள்: "குடித்தார்கள், போனார்கள். குடி நமக்கு ஹராம். நமக்கென்ன வந்தது?" ஒளிப்பானேன், அப்படிச் சொன்னவர்களுள் நானும் ஒருவன். அந்தச் சொல் எவ்வளவு தவறானது என்பதைச் சில வாரங்களிலேயே நான் உணர நேர்ந்தது.

சர்பத் பாட்டில்

எங்கள் மதரஸாவின் கிதாபு அலமாரிக்குப் பாலிஷ் போட ஓர் ஆசாரி வந்திருந்தார். வேலை முடிந்ததும் தகர டின்னில் கொஞ்சம் ஸ்பிரிட் மிஞ்சிற்று. "டின் எனக்கு வேண்டும் பாய், இதை வேறு எதிலாவது ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். கைக்கு அகப்பட்ட காலி நன்னாரி சர்பத் பாட்டிலில் நானே ஊற்றி, சன்னல் திண்டில் வைத்தேன். "நஞ்சு" என்று எழுதியிருந்த டின்னை ஆசாரி எடுத்துச் சென்றார். எழுத்தும் டின்னோடு போயிற்று.

அன்று அஸர் தொழுகைக்கு முன் விளையாடிக் களைத்து வந்த ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் அந்தப் பாட்டிலைத் திறந்து வாயருகே கொண்டு போனான். வாசனை உணர்ந்த மூத்த மாணவன் ஒருவன் பாய்ந்து தட்டிவிட்டான். அல்ஹம்து லில்லாஹ், ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. கருணாபுரத்துச் செய்தியை நாள் தவறாமல் படித்தவன் நான். அதே செயலை என் கையால் நானே செய்திருந்தேன்.

அது என்ன பொருள்?

கருணாபுரத்தில் உயிர்களைக் குடித்தது மெத்தனால். மெத்தில் ஆல்கஹால் என்றும் சொல்வர். கல்வராயன் மலையில் ஊறல் போட்டுக் காய்ச்சும் சாராயம்தான் காரணம் என்று அப்போது பலர் எண்ணினர். ஊறலில் உண்டாவது பெரும்பாலும் எத்தனால் என்னும் வேறொரு ஆல்கஹால். அதுவும் தீங்கே, ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. மெத்தனால் பெரிய ஆலைகளில் உற்பத்தியாகி, பெயிண்ட், மருந்து, பிளைவுட் பசை, பயோடீசல் போன்றவற்றின் தயாரிப்பில் பயன்படும் தொழிற்சாலைப் பொருள். 2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கற்பட்டு மாவட்டத்திலும் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டதற்கும் இதுவே காரணம்.

இதன் கொடுமை யாதெனில், கண்ணுக்குத் தண்ணீர் போலவே தெரியும். மணத்திலும் சுவையிலும் சாராயத்திலிருந்து பிரித்தறிய இயலாது. ஆலையில் பேரலின் மேல் பெயரும் மண்டையோட்டுப் படமும் இருக்கின்றன. பேரலிலிருந்து கேனுக்கும், கேனிலிருந்து பாக்கெட்டுக்கும் மாறும்போது அந்தப் பெயர் உதிர்ந்து விடுகிறது. கருணாபுரத்தில் பாக்கெட்டை வாங்கியவனுக்கு அதற்குள் இருப்பது என்ன என்று சொல்ல ஓர் எழுத்துக்கூட இல்லை. என் சர்பத் பாட்டிலிலும் இல்லை.

ஆசாரிமார் பயன்படுத்தும் பாலிஷ் ஸ்பிரிட் என்பது, எவரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காக நச்சுப் பொருள் கலக்கப்பட்ட எரிசாராயம். அப்படிக் கலக்கப்படும் பொருள்களுள் மெத்தனாலும் ஒன்று. தின்னர் சிலவற்றிலும் அது உண்டு. 2020-இல் கொரோனாவின் போது கைகழுவும் சானிடைசர் சிலவற்றிலேயே மெத்தனால் கலந்திருந்ததை அமெரிக்க அரசின் மருந்துத் துறை கண்டறிந்து எச்சரித்தது. மது தடை செய்யப்பட்ட ஈரானில், சாராயம் குடித்தால் அந்நோய் அண்டாது என்ற வதந்தியை நம்பி அதே ஆண்டில் 500-க்கும் மேற்பட்டோர் மெத்தனாலுக்குப் பலியாயினர். தடை இருக்கும் நாட்டிலும், குடி இல்லாத வீட்டிலும் இது நுழைய வழி இருக்கிறது என்பதை நாம் உணர வேண்டும்.

உடலுக்குள் நடப்பது

உட்சென்ற மெத்தனாலைக் கல்லீரல் முதலில் ஃபார்மால்டிஹைடு என்னும் பொருளாக மாற்றுகிறது. இறந்த உடல்களைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் இதிலிருந்து செய்யப்படுவதே. பின்னர் அது ஃபார்மிக் அமிலமாகிறது. எறும்பு கடித்தால் சுரீரென்று எரிகிறதே, அந்த அமிலம்தான். அது இரத்தத்தில் பெருகினால் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாமல் போகின்றன. முதலில் கெடுவது பார்வை நரம்பு. 10 மில்லி அளவே பார்வையைப் பறிக்கக் கூடும். 30 மில்லி அளவே உயிரைப் பறிக்கக் கூடும். ஒரு சிறுவனின் ஒரே மிடறு எவ்வளவு என்பதை எண்ணிப் பாருங்கள்.

இந்த மாற்றம் மெதுவாக நடைபெறுகிறது. அருந்திய 12 முதல் 24 மணி நேரம் வரை பெரிதாக ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். பிறகு தலைவலி, வாந்தி, வயிற்று வலி, மூச்சுத் திணறல், கண்முன் வெண்பனி படர்ந்தாற்போன்ற மங்கல் ஆகியன தோன்றும். "அவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று நாம் ஆறுதல் கொள்ளும் நேரம்தான் உயிரைக் காக்கக் கிடைத்த நேரம்.

கையாளும் முறை

நம் சமுதாயத்து இளைஞர்கள் பலர் பெயிண்ட் கடைகளிலும், தோல் பதனிடும் ஆலைகளிலும், வளைகுடாவின் தொழிற்கூடங்களிலும் இத்தகைய திரவங்களுக்கிடையே உழைக்கின்றனர். அவர்களும், வீட்டில் இருக்கும் தாய்மார்களும் பின்வருவனவற்றை மனத்தில் இருத்த வேண்டுகிறேன்.

1. எந்த இரசாயனத்தையும் அது வந்த கலத்தை விட்டு மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டுமெனில் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். தண்ணீர், சர்பத், எண்ணெய் பாட்டில்களை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

2. குழாயை வாயில் வைத்து உறிஞ்சி எடுக்கும் பழக்கத்தை இன்றே கைவிடுங்கள்.

3. மெத்தனால் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே செல்லும். மருத்துவமனையில் அணியும் மெல்லிய கையுறை இதைத் தடுக்காது. பியூட்டைல் ரப்பர் கையுறை வேண்டும். சன்னல்களைத் திறந்து, காற்றோட்டத்தில் வேலை செய்யுங்கள்.

4. மேலே கொட்டிவிட்டால் நனைந்த ஆடையைக் களைந்து 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டாலும் அவ்வாறே கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

5. இதன் ஆவி நம் ஊரின் சாதாரண வெப்பத்திலேயே தீப்பற்றும். சுடர் வெளிர்நீலம், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. அருகில் அடுப்போ பீடியோ கூடாது.

6. போபால் துயரத்துக்குப் பின் 1989-இல் நடுவண் அரசு வகுத்த அபாய இரசாயன விதிகள், பொருளின் கலத்தில் பெயரும் அபாயக் குறிப்பும் இருக்க வேண்டும் என்றும், பாதுகாப்புத் தகவல் தாள் ஒன்று இருக்க வேண்டும் என்றும் கூறின. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, "இது என்ன பொருள்? அந்தத் தாள் எங்கே?" என்று பணிவோடு கேளுங்கள். கேட்பதில் குறைவில்லை.

மருந்தும் மார்க்கமும்

ஒருவர் விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அறிகுறிக்காகக் காத்திராமல் அரசு மருத்துவமனைக்கு விரையுங்கள்; 108-ஐ அழையுங்கள். பாட்டிலையும் உடன் கொண்டு செல்லுங்கள். அங்கே ஃபோமெபிசோல் என்னும் மருந்து தருவர். இரத்தச் சுத்திகரிப்பும் செய்வர். அம்மருந்து கிட்டாத இடத்தில் மருத்துவர்கள் எத்தனாலையே மாற்று மருந்தாக அளந்து கொடுப்பதுண்டு. கல்லீரல் அதை முதலில் கவனிக்க, மெத்தனால் நஞ்சாக மாறுவது தாமதமாகிறது.

"ஆல்கஹாலையா கொடுப்பது?" என்று நம்மவர் தயங்கக் கூடும். உயிர் காக்கும் நிர்பந்தத்தில், வேறு மருந்து கிட்டாதபோது, விலக்கப்பட்டதும் தேவையான அளவுக்கு அனுமதிக்கப்படும் என்பது மார்க்க அறிஞர்கள் அறிந்த சட்டமே. மருத்துவர் சொன்னால் மறுக்காதீர்கள். ஆனால் அதை வீட்டில் எவரும் செய்து பார்க்கக் கூடாது. அளவு தவறினால் அதுவே கேடாகும்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். குடித்தவர் தம் குற்றத்தை மறைக்கவே விரும்புவார். அக்கம்பக்கத்தாரின் ஏளனத்துக்கு அஞ்சி வயிற்று வலி என்று சொல்லிப் படுத்திருப்பார். காப்பாற்றக் கூடிய நேரம் அந்த வெட்கத்திலேயே கழிந்து போகும். உங்கள் தெருவில், எந்தச் சமயத்தவராயினும், அப்படி ஒருவர் படுத்திருப்பதாகக் கேள்விப்பட்டால் உபதேசத்தைப் பிறகு வைத்துக்கொண்டு முதலில் வண்டியைக் கூப்பிடுங்கள். "நமக்கென்ன" என்ற சொல்லை நான் விட்டுவிட்டேன், நீங்களும் விட்டுவிடுங்கள்.

இந்த இதழைக் கீழே வைத்ததும் ஒரு முறை எழுந்து, குளியலறை அலமாரியையும் மாடிப்படியின் அடியையும் பாருங்கள். பெயரில்லாத பாட்டில் ஏதேனும் நிற்கிறதா? எங்கள் மதரஸாவின் ஓர் அலமாரிக்கு இப்போது பூட்டு இருக்கிறது. அதனுள் இருக்கும் ஒவ்வொரு கலத்திலும், அன்று பாட்டிலைத் தட்டிவிட்ட அந்த மாணவனின் கையெழுத்தில் ஒரு பெயர் இருக்கிறது.