கரை உடைந்த பின் கணக்கெடுக்க வராதீர்கள்! உடையும் முன் பார்க்க வாருங்கள்!

 

2024 டிசம்பர் மாதத்தின் முதல் இரண்டு நாட்களை அரூர் வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து உள்ளே வந்து கொட்டிய மழையில், பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் பதிவானது. அரூரில் 30 சென்டிமீட்டருக்கு மேல். ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் தீப்பெட்டி மாதிரி உருட்டிக்கொண்டு போனதை நாடே டி.வி.யில் பார்த்தது. கரைக்குக் கீழே வீடு வைத்திருப்பவனுக்கு அந்த மாதிரி ராத்திரியில் ஒரே கேள்விதான்: "கரை தாங்குமா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது யார்? இதைத்தான் இந்தத் தலையங்கத்தில் கேட்கிறோம்.

நம்ம பகுதியின் நிலவரத்தைப் பாருங்கள். சேர்வராயன் மலையடிவாரத்தில், முள்ளிக்காட்டில் வாணியாறு அணை. சித்தேரி மலையடிவாரத்தில், வள்ளிமதுரையில் வரட்டாறு அணை. இவற்றுக்குக் கீழே, ஒன்றின் உபரி இன்னொன்றுக்குப் போகிற மாதிரி சங்கிலியாகக் கோத்த ஏரிகள். மலையில் பெய்கிற மழை சில மணி நேரத்தில் கீழே வந்து நிற்கும். சங்கிலியில் மேலே ஒரு கரை உடைந்தால், அந்தத் தண்ணீர் மொத்தமும் அடுத்த ஏரியின் தலையில் விழும். முன்னோர்கள் கட்டிவைத்த இந்த ஏற்பாடு, பராமரித்தால் வரம். விட்டால் எமன்.

மண் கரை எப்படி உடைகிறது? இரண்டு வழிதான் முக்கியம். ஒன்று, தண்ணீர் கரைக்கு மேலே ஏறி வழிவது. காங்கிரீட் சுவர் மேல் வழிந்தால் கொஞ்ச நேரமாவது நிற்கும். மண் கரை நிற்காது. பின்சரிவை அரித்து அரித்து, வாய் பிளந்துவிடும். 1977-ல் திண்டுக்கல் பக்கம் கொடகனாறு அணை இப்படித்தான் உடைந்தது. பெருவெள்ளம் வந்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டது. மதகுகளை முழுசாகத் தூக்க முடியவில்லை. ஆட்கள் கையால் சுற்றியும் மாளவில்லை. தண்ணீர் மேலேறிக் கரையைப் பல இடங்களில் பிளந்துகொண்டு போனது. 44 வருஷம் கழித்து, 2021 நவம்பர் 19-ம் தேதி, ஆந்திராவில் செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணையின் மண் கரையும் அதே மாதிரி போனது. ஐந்து மதகில் ஒன்று வேலை செய்யவில்லை. ஊர்கள் அழிந்தன. உயிர்கள் போயின. ஒரே ஒரு மதகு, ஐயா!

இரண்டாவது வழி, கசிவு. எலி வளை, நண்டு வளை, பட்டுப்போன மரத்தின் வேர் மக்கின ஓட்டை, மதகுக் குழாயைச் சுற்றி விட்ட சந்து. எதிலாவது தண்ணீர் வழி கண்டுபிடித்தால் உள்ளுக்குள்ளேயே மண்ணைத் திருடிக்கொண்டு வரும். மேலே நின்று பார்த்தால் கரை நன்றாகத்தான் இருக்கும். பின்பக்க அடிவாரத்தில்தான் சேதி தெரியும். தெளிந்த தண்ணீர் கசிந்தால், குறித்துவைத்துத் தினமும் பார்க்க வேண்டும். கலங்கிய தண்ணீர் வந்தால், கரையின் உயிர் கரைகிறது என்று அர்த்தம். அப்போது ஊரை எழுப்ப வேண்டியதுதான்.

2019 ஜூலை 2-ம் தேதி ராத்திரி, மகாராஷ்டிராவில் ரத்தினகிரி மாவட்டத்தில் திவாரே என்ற சிறிய மண் அணை உடைந்து சுமார் 20 பேர் அடித்துச் செல்லப்பட்டார்கள். கட்டி இருபது வருஷம்கூட ஆகாத அணை. கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். உடைந்த பிறகு அந்த மாநில அமைச்சர் சொன்ன காரணம் என்ன தெரியுமா? நண்டு! நண்டு ஓட்டை போட்டுவிட்டதாம். சரி, நண்டு போட்ட ஓட்டையை அடைக்கத்தானே துறை இருக்கிறது? சம்பளம் இருக்கிறது? நண்டின் மேல் வழக்குப் போட முடியுமா?

இனி சட்டத்துக்கு வருவோம். அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021 டிசம்பர் 30 முதல் அமலில் இருக்கிறது. பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு, அவசர காலத்தில் மக்களைக் காப்பாற்றும் செயல் திட்டம் என்று நல்ல விஷயங்கள் அதில் உண்டு. ஆனால் யாருக்கு? 15 மீட்டருக்கு மேல் உயரம் உள்ள அணைகளுக்கு. 10 முதல் 15 மீட்டர் வரை என்றால், கரை நீளம் 500 மீட்டர், கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டர் போன்ற நிபந்தனைகளில் ஒன்றாவது இருந்தால்தான். 65 அடிக்குத் தண்ணீர் தேக்கும் வாணியாறு அணை சட்டத்துக்குள் வரும். நம்ம ஊர் ஏரிக் கரை? அது சட்டத்தின் கண்ணுக்கே தெரியாது! உடைந்தால் மட்டும் எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

இதில் இன்னொரு கூத்து. ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் ஏரி நீர்வளத்துறைக்கு. அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியத்துக்கு. வழிநிலம் வருவாய்த் துறைக்கு, மேலே காடு வனத்துறைக்கு. தண்ணீருக்கு இந்த எல்லை எல்லாம் தெரியுமா? ஒரு ஆபீசில் கேட்டால் இன்னொரு ஆபீசுக்குக் கை காட்டுகிறார்கள். கரைக்குக் கீழே இருப்பவன் மட்டும் எந்தப் பக்கமும் நகர முடியாது.

துறையை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் தப்பிக்கவும் கூடாது. உள்ளதைச் சொன்னால் கசக்கத்தான் செய்யும். இன்னும் ஒரு முழம் தண்ணீர் நின்றால் ஒரு போகம் கூடுதலாக எடுக்கலாம் என்று, ஏரிக் கோடியில் மண் மூட்டை அடுக்குவது யார்? நம்மவர்கள்தான். கோடிக் கால்வாயை மடக்கி மரவள்ளி போட்டிருப்பது யார்? வண்டல் எடுக்கிறேன் என்று கரையின் அடியிலேயே பொக்லைன் விட்டுத் தோண்டவிட்டு வேடிக்கை பார்த்தது யார்? கோடி என்பது வீண் வழி என்று நினைக்காதீர்கள். கரைக்கு அதுதான் மூச்சுக் குழல். அதை அடைத்தவன் தன் ஊரின் கழுத்தை நெரிக்கிறான்.

ஆகவே, கீழ்க்கண்ட கோரிக்கைகளை முன்வைக்கிறோம்:

1. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பகுதியிலுள்ள ஒவ்வொரு அணை, ஏரியின் கரை, மதகு, கோடி ஆகியவற்றை வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஆய்வு செய்! ஆய்வுக்கு ஊர் விவசாயிகளையும் கூட அழைத்துப் போ!

2. ஆய்வு அறிக்கையைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டு!

3. கரை மேல் உள்ள சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்து, குழியை மண் கொட்டிக் கெட்டித்து மூடு! வெட்டிவிட்டுக் கட்டையை விட்டுப் போகாதே!

4. மதகுப் பலகையை மழைக்கு முன்பே ஏற்றி இறக்கிக் காட்டு! கரண்ட் இல்லாத நேரத்துக்கு மாற்று ஏற்பாடு செய்!

5. கோடிக் கால்வாய் ஆக்கிரமிப்பை, ஆள் பார்த்து அல்ல, அளந்து பார்த்து அகற்று!

6. காலியாக உள்ள பாசன லஸ்கர் இடங்களை நிரப்பு! ஒன்றிய ஏரிகளுக்கு நீர்கட்டிகளை நியமித்துக் கூலி கொடு!

பணம் இல்லை என்ற பதில் வரும். கோடியைத் துப்புரவு செய்ய எவ்வளவு ஆகும், உடைந்த கரையைக் கட்டி, செத்தவர் குடும்பத்துக்கு நிவாரணம் கொடுக்க எவ்வளவு ஆகும் என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

விவசாயிகளே! தகவல் உரிமைச் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. ஒரு மனு போட்டு உங்கள் ஏரியின் கடைசி ஆய்வு எப்போது நடந்தது என்று கேளுங்கள். விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கோட்டாட்சியர் அலுவலக வாசலில் கூடிக் கேட்போம். அதற்கு முன்னால், நாளைக் காலையிலேயே நான்கு பேராகச் சேர்ந்து உங்கள் கரையின் பின்பக்கம் ஒரு நடை நடந்து பாருங்கள். எங்கே ஈரம், எங்கே பொந்து, எங்கே சரிவு என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த நோட்டுத்தான் நமது மனு. அதைக் கையில் வைத்துக்கொண்டு போராடுவோம்.

கரையைக் காப்போம்! ஊரைக் காப்போம்!