அது சாதாரண வாள் இல்லை!

திருப்புட்குழி என்ற பெயரைப் பிரித்தாலே கதை வந்துவிடும். புள் என்றால் பறவை. அந்தப் பறவைக்கு வெட்டிய குழி. காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் வழியில், பாலுசெட்டிசத்திரம் பக்கத்தில் இருக்கிறது ஊர். ஜடாயுவுக்கு ராமன் ஈமக்கடன் செய்தது இங்கேதான் என்கிறது விஜயராகவப் பெருமாள் கோயில் தலபுராணம். குளத்துக்கும் ஜடாயு தீர்த்தம் என்றே பெயர். (புள்ளபூதங்குடியும் வைத்தீஸ்வரன்கோயிலும் இதே கதையைத் தங்களுடையது என்கின்றன. பறவைக்கு அவ்வளவு மவுசு!)

கதை கேட்கும் குழந்தை இந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்கும். "அனுமார் மட்டும் தப்பிச்சாரே, ஜடாயு ஏன் தப்பிக்கலை?"

ஹாரி பாட்டர் படித்த பிள்ளை என்றால் சும்மா விடாது. அந்தக் கதையில் எல்லாவற்றுக்கும் ஒரு விதி உண்டு. அம்மா உயிரைக் கொடுத்ததால் பிள்ளைக்குக் கிடைத்த காப்பு, அவன் ரத்தத்தில் இருக்கிறது. நான்காம் புத்தகத்தில் வோல்டமார்ட் அதே ரத்தத்தை எடுத்துத் தன் உடம்பில் ஏற்றிக்கொள்கிறான். 2007-ல் வந்த ஏழாம் புத்தகத்தில் ஹாரி பிழைப்பதற்கு அதுவே காரணமாகிறது. விதியை முன்னாலேயே சொல்லிவிட்டதால், 'இது போங்கு' என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை.

நம் ஊர்க் கதைசொல்லிகளுக்கு இது பழைய வித்தை. இந்திரஜித்தின் பிரம்மாஸ்திரம் அனுமனைக் கட்டுகிறது. அவசரக்குடுக்கை அரக்கர்கள் அது போதாதென்று கயிற்றாலும் கட்டுகிறார்கள். வேறு கட்டு மேலே விழுந்தால் பிரம்மாஸ்திரம் விலகிவிடும், அதுதான் அதன் விதி. இந்திரஜித்துக்கு அது தெரியும், கயிறு கட்டியவர்களுக்குத் தெரியாது. அனுமனுக்கும் தெரியும்; ஆனாலும் ராவணனைப் பார்க்க வேண்டுமே என்று கட்டுப்பட்டவன் போலவே போகிறான்.

ராவணனின் வரமும் அப்படித்தான். தேவர், அசுரர் என்று பட்டியல் போட்டவன், மனிதர்களைத் துச்சமாக நினைத்து விட்டுவிட்டான். அந்த ஓட்டை வழியாகத்தான் ராமன் வரமுடிந்தது. மனிதனாக வந்ததால் அவனுக்கும் அம்பு பட்டால் ரத்தம் வரும். நாகபாசத்தில் கட்டுண்டு கிடந்தபோது, பாம்புக்குப் பகையான கருடன் வந்துதான் விடுவிக்க வேண்டியிருந்தது.

சரி, ஜடாயுவுக்கு என்ன விதி? வால்மீகியில் ஒன்றும் இல்லை. ஜடாயுவே சொல்கிறது: எனக்கு அறுபதாயிரம் வயது, நீ இளைஞன், தேரும் கவசமும் வில்லும் உன்னிடம் இருக்கின்றன. எல்லாம் தெரிந்தேதான் சண்டைக்குப் போகிறது. வில்லை ஒடித்து, தேரை நொறுக்கி, கடைசியில் களைத்துப்போன நேரத்தில் ராவணன் வாளை எடுத்துச் சிறகை வெட்டிவிடுகிறான்.

கம்பனுக்கு இது பொறுக்கவில்லை போலிருக்கிறது. அது வெறும் வாள் இல்லை, சிவபெருமான் கொடுத்த வாள் என்று ஆக்கிவிட்டான். அந்த வாள் மட்டும் இல்லாவிட்டால் பறவைதான் ஜெயித்திருக்கும் என்று அர்த்தம். தாய்லாந்தின் ராமகியேன் இன்னும் ஒருபடி மேலே போகிறது. சிவன், திருமால், சீதையின் விரலில் இருக்கும் மோதிரம் இந்த மூன்றுக்கு மட்டும்தான் பயப்படுவேன் என்று பறவை வாயை விட்டுவிடுகிறது. ராவணன் அந்த மோதிரத்தைக் கழற்றி அதன்மேலேயே வீசுகிறான். தமிழன் வாளைத் தேடினான், தாய்லாந்துக்காரன் மோதிரத்தைத் தேடினான். அந்தப் பறவை நியாயமான சண்டையில் தோற்றது என்று சொல்ல இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை.

ஆனால் வால்மீகியின் ஜடாயுதான் பெரிய வீரன் என்று தோன்றுகிறது. காப்பாற்ற வரமும் இல்லை, பழி போட மந்திர வாளும் இல்லை. ராமன் வரும்வரை உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்து, ராவணன் தெற்கே போனான் என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடியது. தசரதன் இறந்தபோது காட்டில் இருந்தவன் ராமன். அப்பாவுக்குக் கொள்ளி வைக்க முடியாத அந்தப் பிள்ளை, பறவைக்கு வைத்தான்.